கண்ணுக்கு ஜன்னல், காதுக்குச் சுவர்: கண்ட்ரோல் ரூம் கண்ணாடி கட்டுற கணக்கு



ரெக்கார்டிங் ஸ்டூடியோ போட்டோ எதை எடுத்துப் பார்த்தாலும் நடுவுல ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல் இருக்கும். இந்தப் பக்கம் மிக்ஸர் முன்னாடி உக்காந்திருக்கிற இன்ஜினியர், அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டிக்கிட்டு பாடுறவர். பார்க்க சாதாரண ஜன்னல் மாதிரிதான் இருக்கும். ஆனா வீட்டு ஜன்னல் கட்டுற மாதிரி இதைக் கட்டினா, அந்த ரெண்டு ரூமும் ஒரே ரூம் ஆயிடும். கண்ணாடி போட்டாச்சு, பணமும் போயாச்சு, சுவரையும் உடைச்சாச்சு, மைக்ல மட்டும் பக்கத்து ரூம் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்.

2004 பிப்ரவரி 1-ல அண்ணா பல்கலைக்கழக வளாகத்துல 90.4 மெகாஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்ச சமுதாய வானொலிதான் இந்தியாவோட முதல் கேம்பஸ் ரேடியோ. அதுக்கப்புறம் நிறைய காலேஜ்ல ரேடியோ ரூம், மியூசிக் கிளப் ரூம்னு வந்தாச்சு. பெரும்பாலும் நிர்வாகம் கொடுக்கிறது பக்கத்து பக்கத்துல ரெண்டு காலி ரூம், நடுவுல ஒரு செங்கல் சுவர், கையில கொஞ்சம் பணம். அந்தச் சுவர்ல ஒரு ஜன்னல் வேணும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு ஜன்னலைப் பத்தித்தான். நுரை ஒட்டுறது, முட்டை அட்டை ஒட்டுறது பத்தி ஒண்ணும் வராது. (முட்டை அட்டை சத்தத்தைத் தடுக்காது. ரூமுக்குள்ள எதிரொலியை லேசா மாத்தும், அவ்வளவுதான். தீ பிடிச்சா மட்டும் நல்லா எரியும்.)

முதல்ல, எவ்வளவு தடுக்கணும்?

கண்ட்ரோல் ரூம்ல ஸ்பீக்கர் 80 டெசிபல்ல ஓடுதுன்னு வெச்சுக்குவோம். நடுச்சுவர் 34 டெசிபல்தான் தடுக்குதுன்னா, பாடுறவர் மைக் பக்கத்துல 46 டெசிபல் வந்து விழும். பாடும்போது அது தெரியாது. ஆனா பாட்டுக்கு நடுவுல மூச்சு எடுக்கிற இடம், பல்லவி முடிஞ்சு அமைதியா இருக்கிற இடம் இருக்கே, அங்க ஸ்பீக்கர்ல ஓடுற ட்ராக் பேய் மாதிரி பின்னாடி கேக்கும். அப்புறம் கம்ப்ரசர் போட்டு குரலைத் தூக்கினா அந்தப் பேயும் கூடவே எழுந்து வரும்.

எதிர்த்திசையில இன்னும் மோசம். மைக்கை எங்க வெச்சா மிருதங்கம் நல்லா வருதுன்னு இன்ஜினியர் ஸ்பீக்கர்ல கேட்டுத்தான் முடிவு பண்ணணும். சுவர் வழியா நேரடி மிருதங்கமும் சேர்ந்து கேட்டா, எது மைக் சத்தம், எது சுவர் சத்தம்னு பிரிக்கவே முடியாது. கீழ் ஸ்தாயி சத்தம்தான் சுவர் வழியா அதிகம் வரும். அதனால ஸ்பீக்கர்ல தொப்பி நல்லா கனமா இருக்குன்னு நம்பி ரெக்கார்ட் பண்ணிடுவீங்க. வீட்டுக்குப் போய் ஹெட்போன்ல கேட்டா ஒல்லியா இருக்கும். கண்ட்ரோல் ரூமைத் தனியா வெக்கிறதோட முழு அர்த்தமும் அங்க போச்சு.

குரலுக்கும் வீணைக்கும் 45 டெசிபல் தடுப்பு கிடைச்சா சந்தோஷமா வேலை பார்க்கலாம். தவில், ட்ரம்ஸ் மாதிரி 100 டெசிபலைத் தாண்டுற வாத்தியம்னா 50 இருந்தாலும் பத்தாது. ஆனா காலேஜ் ரூம்ல சுவரே 50-க்கு மேல தராது. பூச்சோட இருக்கிற 9 இன்ச் செங்கல் சுவர் ஏறக்குறைய 50 டெசிபல், நாலரை இன்ச் சுவர் ஏறக்குறைய 45. அந்தச் சுவரைக் கெடுக்காம ஜன்னல் வெக்கணும், அதுதான் நம்ம வேலை.

ஓட்டை கணக்கு

இதைப் புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா புரியும், அதனால கொஞ்சம் மெதுவாப் போவோம்.

நடுச்சுவர் மொத்தம் 12 சதுர மீட்டர். அதுல 1.2 மீட்டர் அகலம், 0.9 மீட்டர் உயரத்துக்கு ஜன்னல். பரப்பு 1.08 சதுர மீட்டர், அதாவது சுவர்ல பத்துல ஒரு பங்குகூட இல்ல. பத்துல ஒரு பங்குதானே, கொஞ்சம் பலவீனமா இருந்தா என்னன்னு தோணும். டெசிபல் லாக் கணக்குங்கிறதால சராசரி எடுக்கும்போது டெசிபலை அப்படியே கூட்டக் கூடாது. ஒவ்வொரு பகுதியும் விடுற ஆற்றலைக் கூட்டணும். 50 டெசிபல் சுவர் லட்சத்துல ஒரு பங்கு ஆற்றலை விடுது. 31 டெசிபல் தடுக்கிற 6 மி.மீ. ஒற்றைக் கண்ணாடி லட்சத்துல கிட்டத்தட்ட 80 பங்கை விடுது. பரப்பால பெருக்கிக் கூட்டி, 12-ஆல வகுத்து, மறுபடி டெசிபல் ஆக்கினா மொத்தச் சுவரும் 41 டெசிபல். ஒரு சின்ன ஜன்னல் 9 டெசிபலைத் தின்னுடுச்சு.

இதே இடத்துல 45 டெசிபல் தர்ற ஜன்னல் வெச்சா? மொத்தம் 49. ஒரு டெசிபல்கூட முழுசாப் போகல! அதனால ஜன்னலை 60 டெசிபலுக்குக் கட்டணும்னு கடன் வாங்க வேண்டாம். சுவரை விட 5 டெசிபல் குறைவா, சுவரை விடச் சின்னதா இருந்தாலே போதும்.

இப்ப முக்கியமான விஷயம். அருமையான ஜன்னல் வெச்சாச்சு, ஆனா ஃப்ரேமுக்கும் சுவருக்கும் நடுவுல சுத்திலும் 1 மி.மீ. சந்து, இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் திறந்தே இருக்குன்னு வெச்சுக்கோங்க. சுற்றளவு 4.2 மீட்டர். சந்தோட பரப்பு 42 சதுர சென்டிமீட்டர், ஒரு விசிட்டிங் கார்டை விடச் சின்னது. ஆனா சந்து சத்தத்தைத் தடுக்கவே தடுக்காது. கணக்குப் போட்டா மொத்தச் சுவர் 34 டெசிபலுக்கு இறங்கிடும். அதாவது நல்லா அடைச்ச ஒற்றைக் கண்ணாடி ஜன்னலை விட, சந்து விட்ட இரட்டைக் கண்ணாடி ஜன்னல் மோசம். கண்ணாடிக்கு எவ்வளவு பட்ஜெட் ஒதுக்கினாலும், கடைசி சிலிக்கான் ட்யூப் வாங்க காசு இல்லாமப் போயிடக் கூடாது.

எடை போட்டா போதுமா?

சத்தத்தைத் தடுக்கிறதுல முதல் விதி நிறை விதி. அதிர்வெண்ணை ஹெர்ட்ஸ்லயும் ஒரு சதுர மீட்டருக்கான எடையைக் கிலோவுலயும் எடுத்துப் பெருக்குங்க. வர்ற எண்ணோட லாக்கை 20-ஆல பெருக்கி, 47-ஐக் கழிச்சா தடுப்பு டெசிபல்ல கிடைக்கும். கண்ணாடியோட அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 2500 கிலோ. அப்ப 6 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 15 கிலோ. 500 ஹெர்ட்ஸ்ல 30.5 டெசிபல் வருது. 12 மி.மீ. போட்டா எடை ரெண்டு மடங்கு, தடுப்பு 6 டெசிபல் கூடும், 36.5. இப்படியே ஒற்றைக் கண்ணாடியில 50 டெசிபல் வேணும்னா எடையைப் பத்து மடங்கு ஆக்கணும். 60 மி.மீ. கண்ணாடி! நம்ம ஜன்னலுக்கு 162 கிலோ. யாரு தூக்குறது?

தூக்கினாலும் பிரயோஜனம் இல்ல, ஏன்னா ரெண்டாவது ஒரு வில்லன் இருக்கான். தகடு மாதிரி இருக்கிற எதுலயும் வளைவு அலைகள் ஓடும். அதோட வேகம் அதிர்வெண் கூடக் கூட ஏறிக்கிட்டே போகும். ஒரு கட்டத்துல காத்துல சத்தம் போற வேகத்தைப் பிடிச்சிடும். அங்கிருந்து மேல, சாய்வா வந்து விழுற ஒலி அலையும் கண்ணாடிக்குள்ள ஓடுற அலையும் கை கோத்துக்கிட்டு போகும், கண்ணாடி பாதி இல்லாத மாதிரி ஆயிடும். இதுக்கு கோயின்சிடென்ஸ்னு பேரு. ஜெர்மன் ஒலியியல் அறிஞர் லோதர் க்ரெமர் 1942-ல இதை விளக்கினார். கண்ணாடிக்கு எளிய கணக்கு, 12000-ஐ மி.மீ. தடிமனால வகுங்க. 6 மி.மீ.க்கு 2000 ஹெர்ட்ஸ், 10 மி.மீ.க்கு 1200. ரெண்டுமே பேச்சு தெளிவாப் புரியறதுக்கு முக்கியமான இடம். நம்ம 60 மி.மீ. கனவுக் கண்ணாடிக்கு 200 ஹெர்ட்ஸ்ல வந்து நிக்கும். வேண்டவே வேண்டாம்.

அதனாலதான் ரெண்டு கண்ணாடியும் வேற வேற தடிமன்ல போடச் சொல்றாங்க. ஒண்ணு 6, ஒண்ணு 10. ஒண்ணு பலவீனமா இருக்கிற இடத்துல இன்னொண்ணு தாங்கும். முடிஞ்சா 10 மி.மீ.யை ஒரே கண்ணாடியா வாங்காம, 5-உம் 5-உம் நடுவுல பிளாஸ்டிக் படலம் வெச்சு ஒட்டின லேமினேட்டட் கண்ணாடியா வாங்குங்க. கார் முன் கண்ணாடி மாதிரி. அந்தப் படலம் வளைவு அலையோட ஆற்றலை உறிஞ்சி கோயின்சிடென்ஸ் பள்ளத்தை ஆழம் குறைச்சிடும். உடைஞ்சாலும் தூள் தூளா மேல விழாது. என்னைக் கேட்டா, கூடுதல் காசு செலவு பண்ண வேண்டிய ஒரே இடம் இதுதான்.

நடுவுல இருக்கிற காத்து ஒரு ஸ்பிரிங்

ரெண்டு கண்ணாடி போட்டா ரெண்டு மடங்கு தடுக்கும்னு நினைச்சிடாதீங்க. ரெண்டு கண்ணாடி ரெண்டு நிறை, நடுவுல அடைபட்ட காத்து ஒரு ஸ்பிரிங். மெக்கானிக்கல் பசங்களுக்குப் படம் உடனே வந்திருக்கும். இந்த அமைப்புக்கு ஒரு ஒத்ததிர்வு உண்டு. அந்த அதிர்வெண்ல ரெண்டு கண்ணாடியும் சேர்ந்து ஆடி, சத்தத்தை வழிவிட்டு அனுப்பி வைக்கும். அதுக்கு மேலதான் இரட்டைக் கண்ணாடியோட உண்மையான பலன் ஆரம்பிக்கும். அதனால அந்த ஒத்ததிர்வை எவ்வளவு கீழ தள்ளுறோமோ அவ்வளவு நல்லது.

கணக்கு இதுதான்: ரெண்டு கண்ணாடியோட சதுர மீட்டர் எடைகளையும் தலைகீழாக்கிக் கூட்டுங்க. அதை இடைவெளியால (மீட்டர்ல) வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 60-ஆல பெருக்குங்க.

யுபிவிசி ஜன்னல் கடையில விக்கிற ரெடிமேட் இரட்டைக் கண்ணாடியை முதல்ல போட்டுப் பாருங்க. 6 மி.மீ. கண்ணாடி, 12 மி.மீ. இடைவெளி, மறுபடி 6 மி.மீ. கண்ணாடி. விடை 200 ஹெர்ட்ஸ்! மனுஷக் குரலோட அடிப்பகுதி, மிருதங்கம், கிட்டார் எல்லாம் கூடி நிக்கிற இடம். அந்த இடத்துல இது அதே எடையுள்ள 12 மி.மீ. ஒற்றைக் கண்ணாடியை விடக் குறைவாத்தான் தடுக்கும். இந்தக் கண்ணாடி வெயிலையும் ஏசி கரண்ட் பில்லையும் குறைக்கச் செஞ்சது. அதுக்கு நல்லது, நமக்கு இல்ல. விக்கிறவர் கேட்டலாக்ல எஸ்.டி.சி. எண்ணைக் காட்டுவார். அந்த எண் 125 ஹெர்ட்ஸ்ல இருந்து 4000 வரைக்கும்தான் கணக்கு. அதுக்குக் கீழ என்ன நடக்குதுன்னு அது சொல்லாது. பேஸ் கிட்டாரோட கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ்.

இப்ப நம்ம ஜன்னல். 9 இன்ச் சுவர், அதாவது 230 மி.மீ., ரெண்டு பக்கப் பூச்சும் சேர்த்து ஏறக்குறைய 255. ரெண்டு வெளிப்பக்கமும் பீடிங்குக்கு 30 மி.மீ. விட்டு, கண்ணாடித் தடிமனையும் கழிச்சா சுமார் 180 மி.மீ. இடைவெளி கிடைக்கும். 6-உம் 10-உம் போட்டா ஒத்ததிர்வு 46 ஹெர்ட்ஸ். ரெடிமேடுக்கு 200, நமக்கு 46. காத்துக்குக் காசு கிடையாது. சுவர் முழுத் தடிமனையும் பயன்படுத்தினதுக்குக் கிடைச்ச பரிசு இது. இப்படிக் கட்டின ஜன்னல் சந்து இல்லாம இருந்தா நமக்கு வேண்டிய 45 டெசிபல் வரும்.

இந்த இடத்துல கூட்டத்துல யாராவது ஒருத்தர் கை தூக்குவாங்க. "நடுவுல மூணாவது ஒரு கண்ணாடி போட்டா இன்னும் நல்லாத் தடுக்கும்ல?" அதே 180 மி.மீ.க்குள்ள நடுவுல ஒரு 6 மி.மீ. போட்டுக் கணக்குப் பண்ணா, 46 ஹெர்ட்ஸ்ல ஒரு ஒத்ததிர்வு அப்படியே இருக்கும், 88 ஹெர்ட்ஸ்ல புதுசா இன்னொண்ணு முளைக்கும். காசு குடுத்து ஒரு ஓட்டை வாங்கின மாதிரி. அந்த 6 மி.மீ.யை நடுவுல வெக்காம, இருக்கிற 6 மி.மீ. கண்ணாடியை 12 ஆக்கினா ஒத்ததிர்வு 39-க்கு இறங்கும். (அப்ப 12-உம் 10-உம் கோயின்சிடென்ஸ்ல கிட்டக் கிட்ட வரும், ஒண்ணு கட்டாயம் லேமினேட்டடா இருக்கணும்.)

அடுத்த கை ஈசிஇ பக்கத்துல இருந்து வரும். "நடுவுல காத்தையே எடுத்துட்டா? வேக்யூம்ல சத்தமே போகாதே!" நியாயமான கேள்வி. 1.08 சதுர மீட்டர் மேல வளிமண்டல அழுத்தம் கிட்டத்தட்ட 11 டன். ஒவ்வொரு கண்ணாடி மேலயும். ரெண்டு லாரி ஏத்தி நிறுத்தின மாதிரி. உண்மையிலயே வேக்யூம் கண்ணாடின்னு ஒண்ணு விக்கிறாங்க. அதுல இடைவெளி மில்லிமீட்டர்ல ஒரு சின்னப் பங்குதான், கண்ணாடி உள்ள நசுங்காம இருக்க நூத்துக்கணக்குல குட்டிக் குட்டித் தூண்கள் வெச்சிருப்பாங்க. அந்தத் தூண் வழியாவே சத்தம் நடந்து போயிடும்.

சாய்க்கணுமா வேண்டாமா?

ஸ்டூடியோ கண்ணாடி சாய்வா இருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. சாய்ச்சாத்தான் சத்தம் தடுக்கும்னு ஒரு நம்பிக்கை ரொம்ப நாளா ஓடிக்கிட்டிருக்கு. சாய்க்கிறதோட முக்கியமான வேலை வெளிச்சம்தான். கண்ணாடியோட மேல் விளிம்பு கண்ட்ரோல் ரூம் பக்கம் வர்ற மாதிரி சாய்ச்சா, உள்ள இருக்கிறவங்களுக்கு மேல எரியுற ட்யூப்லைட் பிரதிபலிப்பு தெரியாது, தரைதான் தெரியும். ஸ்பீக்கர் சத்தம் எதிரொலிச்சு நேரா மூஞ்சில அடிக்காம கீழ போகும், அது ஒரு கொசுறு லாபம்.

தடுப்பைப் பொறுத்தவரை இது நஷ்டக் கணக்கு. 0.9 மீட்டர் உயரத்துல 5 டிகிரி சாய்ச்சா கீழ் விளிம்பு 79 மி.மீ. உள்ள போயிடும். மேல 180, கீழ 101, சராசரி 140. ஒத்ததிர்வு 46-ல இருந்து 52-க்கு ஏறிடும். 9 இன்ச் சுவர்ல இந்த 6 ஹெர்ட்ஸைக் குடுத்து வெளிச்சத்தை வாங்கிக்கலாம், பரவாயில்ல. நாலரை இன்ச் சுவர்ல இடைவெளியே 65-தான் கிடைக்கும். அங்க சாய்க்காதீங்க, ட்யூப்லைட்டை இடம் மாத்துங்க.

எவ்வளவு உயரத்துல?

எங்கேயும் ஜன்னல் அடிப்பகுதியை மூணு அடி உயரத்துல வெப்பாங்க. நின்னு பாடுற பாப் பாடகருக்கு அது சரி. லண்டன் ஆபே ரோடுல 1931-ல திறந்த ஸ்டூடியோவோட இரண்டாம் கூடத்துல கண்ட்ரோல் ரூம் மாடியில இருக்கும், ஜன்னல் வழியா கீழ கூடத்தைப் பார்க்கலாம். நமக்கு மாடி இல்ல. நம்ம ஊர் வித்வான் தரையில சம்மணம் போட்டு உக்காருவார். இன்ஜினியர் நாற்காலியில, கண் உயரம் 1.2 மீட்டர், ஜன்னல்ல இருந்து 2 மீட்டர் பின்னாடி. மிருதங்கக்காரர் ஜன்னல்ல இருந்து 2 மீட்டர் தள்ளி. அடிவிளிம்பு 90 சென்டிமீட்டர்ல இருந்தா, சுவரோட அந்தப் பக்க விளிம்பு மறைச்சு, அங்க 63 சென்டிமீட்டருக்குக் கீழ எதுவும் தெரியாது. முகம் தெரியும், கை தெரியாது. கொன்னக்கோல் முடிஞ்சு கை இறங்குற நொடியைப் பார்க்கத்தானே இந்த ஜன்னலே! அடிவிளிம்பை 75-க்கு இறக்கினா மறைப்பு 35 சென்டிமீட்டருக்குப் போயிடும். மேல் விளிம்பு 1.65 மீட்டர்ல நிக்கும், நின்னு பாடுறவங்களுக்கும் அது போதும். இன்னும் தெளிவா வேணும்னா அந்தப் பக்கம் ஒரு அடி உயரத்துக்கு மேடை போட்டுடுங்க.

சுவரைத் தொடுறதுக்கு முன்னாடி

கட்டடம் தூண், பீம் போட்ட காங்கிரீட் சட்டகமா, இல்ல சுவரே மேல்தளத்தைத் தாங்குதான்னு தெரிஞ்சுக்காம ஒரு செங்கலையும் எடுக்கக் கூடாது. சிவில் டிபார்ட்மென்ட்ல கேளுங்க, வரைபடம் எடுத்துப் பார்க்கட்டும். சுமை தாங்குற சுவர்னா எழுத்துல அனுமதி வேணும், முட்டுக் குடுத்துட்டுத்தான் உடைக்கணும். எந்தச் சுவரானாலும் திறப்புக்கு மேல லிண்டல் கட்டாயம், ரெண்டு பக்கமும் குறைஞ்சது 15 சென்டிமீட்டர் சுவர் மேல உக்காரணும். சுவருக்குள்ள வயர் பைப் போகுதான்னும் பாருங்க. அனுமதி கிடைக்கலையா? ஒரு கேமரா, ஒரு மானிட்டர், ஒரு டாக்பேக் மைக். இது ஒண்ணும் அவமானம் இல்ல, உலகத்துல நிறைய ஸ்டூடியோ இப்படித்தான் ஓடுது. 50 டெசிபல் சுவர் 50 டெசிபலாவே இருக்கும்.

கட்டுற வேலை

ஃப்ரேமை ஒரே பெட்டியா இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் செய்யாதீங்க. ஆசாரிகிட்ட ரெண்டு தனித்தனி ஃப்ரேமா செய்யச் சொல்லுங்க, ஆளுக்கு ஒரு கண்ணாடி, நடுவுல 10 மி.மீ. விடுபட்டு நிக்கணும். மரம் மரத்தைத் தொட்டா ஒரு கண்ணாடியோட அதிர்வு அடுத்ததுக்குக் கை மாறிடும். ரெண்டுமே ஒரே செங்கல் சுவர்லதானே நிக்குதுன்னு கேப்பீங்க. ஆமா, ஆனா சுவர் கனமானது, லேசுல அசையாது. மரம் அப்படி இல்ல. ரெண்டு ரூமுக்கும் தனித்தனிச் சுவர் கட்டுற வசதி இருந்தா அந்தச் சுவருக்கு ஒரு ஃப்ரேம், இந்தச் சுவருக்கு ஒரு ஃப்ரேம். அப்பவும் ஒரு பலகையைக் குறுக்க வெச்சு ரெண்டையும் சேர்த்துடக் கூடாது.

ஃப்ரேமுக்கும் செங்கலுக்கும் நடுவுல இருக்கிற சந்தை நுரை ஸ்ப்ரே அடிச்சு மூடிட்டுப் போறது வழக்கம். அந்த நுரைக்கு எடை இல்ல, சத்தம் அதைப் பொருட்படுத்தாது. கொத்தனாரை வெச்சு சிமென்ட் கலவையால கெட்டியா அடைங்க. காஞ்சதும் கலவை சுருங்கி விளிம்புல மயிரிழை விரிசல் விடும், அதை ரெண்டு பக்கமும் சீலன்ட் போட்டு மூடுங்க.

கண்ணாடி ஆர்டர் பண்றது ஃப்ரேம் நின்னதுக்கு அப்புறம். ஃப்ரேமோட உள் அளவுல இருந்து எல்லாப் பக்கமும் 5 மி.மீ. குறைச்சுக் குடுங்க. டஃபன்ட் கண்ணாடின்னா இது ரொம்ப முக்கியம், அதைச் சூடாக்கிக் கெட்டியாக்கின பிறகு ஒரு மி.மீ.கூட வெட்ட முடியாது. 10 மி.மீ. கண்ணாடி 27 கிலோ, 6 மி.மீ. 16 கிலோ. உறிஞ்சுப் பிடி உள்ள கண்ணாடிக்கடை ஆளுங்களை வெச்சே தூக்குங்க. கையுறை, ஷூ இல்லாம பக்கத்துல போகாதீங்க.

கண்ணாடி எந்த இடத்துலயும் மரத்தைத் தொடக் கூடாது. அடியில, ரெண்டு முனையில இருந்தும் கால் பங்கு தூரத்துல, ரெண்டு நியோப்ரீன் கட்டை வெச்சு அது மேல உக்கார வைங்க. முன்னும் பின்னும் ரப்பர் டேப், அப்புறம் பீடிங். பீடிங்கை ஆணி அடிக்காம ஸ்க்ரூ போடுங்க, நாளைக்குக் கண்ணாடியைக் கழட்ட வேண்டி வரலாம். விளிம்பு முழுக்க சிலிக்கான். கடையில சும்மா சிலிக்கான்னு கேட்டா வினிகர் வாடை அடிக்கிற வகையைக் குடுப்பாங்க. அது சிமென்ட்ல ஒழுங்கா ஒட்டாது, லேமினேட்டட் கண்ணாடியோட படலத்தை விளிம்புல அரிக்கும். நியூட்ரல் க்யூர்னு கேட்டு வாங்குங்க.

ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல சுத்திலும் இருக்கிற பக்கங்களைச் சும்மா விடாதீங்க. 180 மி.மீ. இடைவெளியில சத்தம் குறுக்க அடிச்சு 955 ஹெர்ட்ஸ் பக்கம் நிலை அலை உண்டாக்கும், அகலத்துலயும் உயரத்துலயும் அதை விடக் கீழ உண்டாக்கும். ராக்வூல் 25 மி.மீ. பலகையை நாலு பக்கமும் வெச்சு, காத்து போற கறுப்புத் துணியால மூடுங்க. ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவுல இருக்கிற 10 மி.மீ. விடுபடலும் அதுக்குள்ள மறைஞ்சிடும். கறுப்பு ஏன்னா, வெள்ளைத் துணி கண்ணாடியில பளிச்சுனு தெரியும். ராக்வூல் வெட்டும்போது மாஸ்க் போடுங்க, முழுக்கை சட்டை போடுங்க. அரிப்பு ரெண்டு நாளைக்குப் போகாது.

முதல் கண்ணாடி போட்டதும் அடுத்ததை அன்னிக்கே போடத் துடிப்பீங்க. பொறுங்க. சிலிக்கான் ஒரு நாளைக்கு ரெண்டு மூணு மி.மீ. ஆழம்தான் காயும், காயுறப்போ ஆவி விடும். அடைச்சிட்டா அந்த ஆவி உள் கண்ணாடியில மூடுபனி மாதிரி படியும். ஒரு வாரம் விட்டுட்டு, ரெண்டு கண்ணாடியோட உள்முகத்தையும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால துடைச்சு, டார்ச் அடிச்சுப் பார்த்து, மறுபடி துடைங்க. உள்ள ஒரு விரல் ரேகை தங்கினா உங்க ஜூனியரோட ஜூனியரும் அதைப் பார்ப்பான். கீழ் ராக்வூல் பக்கத்துல துணிக்கு அடியில அரைக்கிலோ சிலிக்கா ஜெல் பையை வைங்க. சென்னை மாதிரி ஈரப்பதம் உள்ள ஊர்ல, ஒரு ரூம்ல ஏசி ஓடினா உள்ள நீர் கோத்துக்கும், அதுக்குத்தான் இது. கூடுமானவரை மழை இல்லாத நாள்ல மூடுங்க.

சோதிச்சுப் பார்க்கிறது

ஒரு ரூம்ல பிங்க் நாய்ஸ் 90 டெசிபலுக்கு மேல ஓட விடுங்க. போன்ல ஆக்டேவ் வாரியாக் காட்டுற ஆப் இருந்தா போதும். அதே போன்ல ரெண்டு ரூமையும் அளங்க, சுவருக்கு ரொம்பக் கிட்ட நிக்காதீங்க. கழிச்சா வர்றதுதான் தடுப்பு. போன் மைக் துல்லியமா இல்லாட்டியும் ரெண்டு அளவுலயும் அதே பிழை இருக்கிறதால பெருசாப் பாதிக்காது. கீழ் அதிர்வெண்ல மட்டும் போனை நம்பாதீங்க, பேஸ் வாசிக்கச் சொல்லிக் காதால கேளுங்க.

எண்களைப் படிக்கத் தெரிஞ்சா ஜன்னலே எங்க வலிக்குதுன்னு சொல்லிடும். 63 ஹெர்ட்ஸ் பக்கம் குறைவா இருந்தா அது காத்து ஸ்பிரிங் வேலை, நீங்க எதிர்பார்த்ததுதான். 1000-த்துக்கும் 2000-த்துக்கும் நடுவுல பள்ளம் விழுந்தா கோயின்சிடென்ஸ். கீழ எல்லாம் ஒழுங்கா ஏறி வந்து, 500-க்கு மேல 35 பக்கத்துல சமதளமா நின்னுட்டா, எங்கேயோ சந்து இருக்கு. அது ஜன்னலாவே இருக்கணும்னு இல்ல. ரெண்டு ரூம் கதவும் ஒரே வராண்டாவுல திறந்தா, சத்தம் ஒரு கதவுல வெளிய போய் அடுத்த கதவுல உள்ள வரும். கதவுக்கு அடியில துண்டு மடிச்சு வெச்சு மறுபடி அளங்க. எண் ஏறினா ஜன்னல் நிரபராதி.

ஏறலைன்னா ராத்திரி வாங்க. கண்ணாடி ரெண்டையும் கறுப்பு சார்ட் பேப்பரால மறைச்சு, லைட்டை அணைச்சு, ஒருத்தர் அந்தப் பக்கம் டார்ச்சை ஃப்ரேம் விளிம்பு ஓரமா மெதுவா நகர்த்தட்டும். வெளிச்சம் வர்ற இடத்துல சத்தமும் வரும். வெளிச்சம் நேராத்தான் போகும், சத்தம் வளைஞ்சும் போகும். அதனால வெளிச்சம் வராத சந்தைப் பிடிக்க மூணு அடி பிளாஸ்டிக் ட்யூப் ஒண்ணு எடுத்துக்கோங்க. பிங்க் நாய்ஸ் ஓடட்டும். ட்யூபோட ஒரு முனையைக் காதுல வெச்சு, மறு முனையை விளிம்பு பூரா டாக்டர் மாதிரி நகர்த்திக்கிட்டே போங்க. 'ஸ்ஸ்'னு சட்டுனு கூர்மையாக் கேக்கிற இடத்துல பென்சிலால குறி போட்டுட்டு, சிலிக்கான் கன்னை எடுங்க.